மண் அச்சில் கூக்லோஃப்: மூன்றாவது முயற்சி

ஞாயிறு காலை அச்சைக் கவிழ்த்தேன். கொஞ்சமும் ஒட்டாமல் கூக்லோஃப் முழுசாகத் தட்டில் இறங்கியது. இரண்டு முறை சொதப்பியதை அந்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

கூக்லோஃப் பிரான்ஸின் கிழக்கு ஓரம், அல்சாஸ் பகுதியின் இனிப்பு ரொட்டி. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்கு இதுதான் துணை. ஸ்ட்ராஸ்பூருக்கு வடக்கே சூஃப்லென்ஹைம் என்ற குயவர் ஊரில் செய்த அச்சு என்னிடம் இருக்கிறது. சாய்வாகச் சுழலும் பள்ளங்கள், நடுவில் ஒரு குழல். அந்தக் குழல் வழியாகத்தான் நடு மாவுக்கும் சூடு போகிறது.

மைதா 500 கிராம், பால் 200 மில்லி, முட்டை 2, சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 150 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 8 கிராம், உலர்திராட்சை 100 கிராம்.

முதல் தடவை வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டுப் பிசைந்தேன். மாவில் கொழுப்பு முந்திக்கொண்டால் இழை பிடிக்காது. ரொட்டி கேக் போல உதிர்ந்தது. இரண்டாம் தடவை 35 நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். மண் அச்சு தகரம் மாதிரி சட்டென்று சூடாகாது. நடுவில் களியாக இருந்தது.

இந்த முறை வெண்ணெய் இல்லாமல் பதினைந்து நிமிஷம் பிசைந்தேன். மாவைக் கிள்ளி விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம்தான் வெண்ணெய், ஒவ்வொரு துண்டாக. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், உருகியிருக்கக் கூடாது. பாதியில் மாவு வழுவழுவென்று பிரிந்து, கெட்டுப்போன மாதிரித் தெரியும். பயந்து மைதாவைத் தூவிவிடாதீர்கள்! இன்னும் பத்து நிமிஷம் பிசைந்தால் பட்டுத்துணி போலத் திரண்டு பாத்திரத்தை விட்டு வரும்.

அல்சாஸில் திராட்சையைக் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயத்தில் ஊறவைப்பார்கள். நான் சூடான டீயில் இரவே போட்டேன். ஊறாத திராட்சை மாவிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அச்சில் வெண்ணெய் தாராளமாகப் பூசி, அடியில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முழு பாதாம் வைத்தேன். கவிழ்க்கும்போது அதுதான் உச்சியில் கிரீடம். மாவு அச்சின் விளிம்பைத் தொட ஒன்றரை மணி நேரம் ஆனது. 180 டிகிரியில் 50 நிமிஷம். பாதியில் மேலே நிறம் ஏறியதும் அலுமினியத் தாளால் மூடினேன். ஆறியபின் பொடித்த சர்க்கரை தூவல்.

பிய்த்தால் நார் நாராக வருகிறது, வெண்ணெய் வாசம் கையிலேயே நிற்கிறது. வால்நட்டும் பன்றி இறைச்சியும் சேர்த்த உப்பு கூக்லோஃபும் அங்கே உண்டு. அடுத்த வாரம் வால்நட் மட்டும் போட்டுச் செய்யப்போகிறேன்.