ஜாம் மோனாலிசா: இதுவரை

பிரேசில் கலைஞர் விக் முனீஸ் 1999இல் இரண்டு மோனாலிசாக்களைச் செய்தார். ஒன்று ஜாமில், இன்னொன்று பீநட் பட்டரில். 1963இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் மோனாலிசாவை ஜோடியாக அச்சிட்டதை வம்புக்கு இழுக்கிற வேலை. முனீஸ் காட்சிக்கு வைப்பது போட்டோவைத்தான், அதனால் சாப்பாட்டுச் சாமான் கெட்டுப்போகுமே என்ற கவலை இல்லை. அதையே வீட்டில் செய்து பார்க்கிறேன். ஜாம் அம்மணி முடிந்துவிட்டாள்; மற்றவள் பாதியில் நிற்கிறாள்.

தேதி முடிந்த மிக்ஸட் ஃப்ரூட் ஜாம்தான் எடுத்தேன். (புது பாட்டிலைத் திறந்திருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார்.) வெந்நீர் விட்டுக் கரைத்து, வழவழப்பான வெள்ளை அட்டையில் பூசினேன். கெட்டியாக அப்பினால் இருட்டு, நீர்க்கத் தடவினால் கன்னம். முடியும் உடையும் சுலபம். சிரிப்புதான் படுத்திவிட்டது. டா வின்சி உதட்டோரத்தில் கோடே போடாமல் மெல்லிய பூச்சுகளால் நிழலைக் கரைத்திருக்கிறார். ஜாமோ தடவிய இடத்தில் கரை கட்டி நிற்கிறது. பல்குச்சியில் ஈரப் பஞ்சைச் சுற்றி ஒற்றி எடுத்த பிறகுதான் கொஞ்சம் மசிந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் கல்யாண ஆல்பத்தில் ஏதோ ஒரு அத்தை சிரிப்பது மாதிரி.

மேலிருந்து லைட் அடித்தால் ஜாம் பளபளத்து முகமே காணாமல் போகிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்ததுதான் தேறியது. அப்புறம் படத்தின் மூக்கை வழித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். "மோனாலிசாதானே?" என்றான். வாயையும் வழித்துவிட்டு அவன் அக்காவிடம் காட்டினேன். அதே பதில். நடு வகிடு, அகன்ற நெற்றி, மடித்து வைத்த கை, அவ்வளவு போதும் போலிருக்கிறது. உலகமே பேசும் சிரிப்பை இருவருமே தேடவில்லை.

பீநட் பட்டரில் இருட்டே வராது, எல்லாம் ஒரே பழுப்பு. கோகோ கலக்கலாம், அது போங்காட்டம். கத்தி முனையால் வரிவரியாகக் கீறி, பள்ளத்தில் நிழல் விழ வைக்கிறேன். கூந்தலுக்குப் பிரமாதமாக இருக்கிறது, முகத்துக்கு ஆகவில்லை. எறும்புக்காக மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன்.

அடுத்தது சர்க்கரை. கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் கிட்ஸ் தீவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுடைய பிள்ளைகளை, முனீஸ் 1996இல் கறுப்புத் தாளில் சர்க்கரையைத் தூவியே வரைந்தார். அதோடு வைத்துப் பார்த்தால் ஜாம் வெறும் குறும்புதான். அங்கே பொருளுக்கும் முகத்துக்கும் கணக்கு இருக்கிறது. கறுப்பு சார்ட் வாங்கியாயிற்று. யாரை வரைவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.