நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்றினோம்

உடுமலைக்குத் தெற்கே எங்கள் வீடு. மேற்குப் பார்த்த வாசல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் நேராக வந்து வாசல் கதவில்தான் மோதும், கூடவே சாரலும். மற்ற மாதங்களில் மதியத்துக்கு மேல் வெயில். வீடு கட்டும்போது போட்ட ஃப்ளஷ் டோர், அதாவது ஒட்டுப்பலகைக் கதவு, இந்த இரண்டையும் வாங்கி வாங்கி, கீழ்ப்பாதி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. தாழ்ப்பாள் போட வேண்டுமென்றால் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். அத்தைக்கு எழுபது வயது. ராத்திரி அவரால் கதவைச் சாத்த முடியவில்லை என்றதும்தான் இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று இறங்கினோம். கையில் இருந்தது 25,000 ரூபாய்.

முதலில் ரெடிமேட் கதவு விற்கும் கடையில் விசாரித்தோம். நிலையோடு சேர்த்து 48,000 சொன்னார்கள், மாட்டுகிற கூலி தனி. அதில் சொல்லாமல் விடுகிற செலவு இன்னொன்று இருக்கிறது. பழைய நிலையைப் பெயர்த்தால் சுற்றிலும் பூச்சு உதிரும், வாசல்படி டைல்ஸ் உடையும். அப்புறம் கொத்தனார், பெயிண்டர் என்று ஆள் மேல் ஆள் வர வேண்டும். புது நிலை வைப்பதென்றால் நல்ல நாள் பார்த்து, நவதானியம் போட்டுப் பூசை செய்து வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

அப்புறம்தான் ஊரில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உளியின் பிடியால் நிலையை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட சத்தம் தரைக்குப் பக்கத்தில் மட்டும் பொத்தென்று மாறியது.

“நெலவு நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. அடியில ஒரு அடிதான் செதல் தின்னிருக்குது. அதைய மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டர்லாம். எதுக்குப் பூராப் பேத்துக்கிட்டு?”

எங்கள் செலவைப் பாதியாக்கியது அந்த யோசனைதான். கெட்ட பாகத்தை நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்து, அதே சாய்வில் புதுக் கட்டையைப் பொருத்தி, பசை தடவி, திருகாணி முடுக்கினார். சாய்வாக இருந்தால் இரண்டு மரமும் ஒட்டுகிற பரப்பு அதிகம், ஒட்டு பிடித்து நிற்கும். தரையில் படுகிற முனைக்குத் தார் பெயிண்ட் அடித்தார். ஏற்கெனவே அரித்தது அந்த வழியாக ஏறிய ஈரமும் செதலும்தானே.

கதவுக்கு என்ன போடுவது என்பதில் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற டபிள்யூபிசி கதவில் தண்ணீர் ஏறாது, செதல் வராது, விலையும் குறைவு என்று வீட்டுக்காரர் சொன்னார். குளியலறைக்கு அது சரி. சாயங்காலம் வரை நேர் வெயில் வாங்கும் கதவு வளைந்துபோனால் என்ன செய்வது என்று ஆசாரி தயங்கினார். புதுத் தேக்கு எங்கள் கைக்கு எட்டாது. அதனால் பழைய வீடுகளைப் பிரித்த மரம் விற்கும் கடைக்குப் பொள்ளாச்சி போனோம். ஆனைமலைத் தேக்கு அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. மலை மேலிருந்து மரத்தை உருட்டிவிட்டதால்தானே டாப்சிலிப்புக்கே அந்தப் பேர் வந்தது.

பழைய கதவுகளே நிறையக் கிடந்தன, ஆனால் எல்லாம் ஆறடிக்கு மேல் இல்லை. எங்கள் நிலைக்கு ஆறேமுக்கால் அடி வேண்டும். அதனால் உத்திரக் கட்டை தேடினோம். பழைய மரம் என்றால் பெயிண்டும் புகைக்கரியும் ஏறி எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஓரத்தில் உளியால் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். தேக்கென்றால் விரலில் எண்ணெய்ப் பசை தட்டும், அதற்கே உரிய வாசம் வரும். இரண்டு முனையிலும் வெடிப்பு எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். வண்டு துளைத்த பொடி உதிர்ந்தால் அந்தக் கட்டை வேண்டாம்.

விலை கன அடிக் கணக்கு. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். எட்டடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல கனம் என்றால் 1.33 கன அடி. அப்படி இரண்டு கட்டை, கன அடி 2,400 வீதம் 6,400 ரூபாய். டேப்பைக் கையோடு கொண்டுபோய் நீங்களே அளந்துவிடுங்கள். அறுவை மில்லுக்குக் கொடுக்கும் முன் ஆணி எல்லாவற்றையும் பிடுங்கியாக வேண்டும், உள்ளே ஒன்று ஒளிந்திருந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும். ஆசாரி காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்.

சட்டத்துக்குத் தேக்கு ஆயிற்று. நடுப் பலகைக்கு, தோட்டத்துச் சாளையில் பல வருஷமாகக் காய்ந்து கிடந்த எங்கள் வேப்பம்பலகையே போதும் என்றார் ஆசாரி. சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, பலகையை அதற்குள் பசை போடாமல் செருகிவிட்டார். ஐப்பசி மழையில் மரம் உப்பும், சித்திரையில் சுருங்கும். பலகை காடிக்குள் நகர இடம் இருந்தால்தான் வெடிக்காது. நாங்கள் மாட்டியது மாசிக் கடைசியில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் நேரம். உப்பினாலும் முட்டாமல் இருக்க, பக்கவாட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்து விட்டார்.

கீலில் மட்டும் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். ஐந்து அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல், மூன்று போடுகிற இடத்தில் நான்கு போட்டோம். கதவின் பாரம் மேல் கீலைத்தான் இழுக்கும் என்பதால் மேலே இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிலையில் இருந்த பழைய திருகாணி ஓட்டைகள் தளர்ந்திருந்தன. தேக்குத் துண்டை முளைபோலச் சீவி, பசையில் தோய்த்து அடித்து அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளை போட்டார். இதைச் செய்யாமல் அதே ஓட்டையில் முடுக்கியிருந்தால் கதவு கொஞ்ச நாளில் தொங்கியிருக்கும்.

மாட்டுவதற்கு முன்பே கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஈரம் ஏறாமல் தடுக்கிற சீலர் பூச்சை அடிக்கச் சொல்லிவிடுங்கள், மாட்டியபின் அங்கே பிரஷ் போகாது. ஈரம் முதலில் ஏறுவதும் அங்கேதான். வெளிப்பக்கம் அடியில் சாய்வான பட்டை ஒன்று வைத்திருக்கிறோம், சாரல் தண்ணீர் வாசல்படிக்குள் போகாமல் வெளியே சொட்டும்.

மரம் 6,400, அறுவையும் வண்டி வாடகையும் 900, ஆசாரி கூலி நிலை ஒட்டோடு சேர்த்து 7,500, கீல் 1,100, பூட்டு 2,800, தாழ்ப்பாளும் எட்டிப் பார்க்கும் கண்ணாடியும் 700, உப்புத்தாள், சீலர், பாலிஷ் 2,350. மொத்தம் 21,750 ரூபாய். மீந்த பணத்தை வாசலுக்கு மேல் ஒரு தகரச் சாய்ப்பு போட எடுத்து வைத்திருக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் அது ஏறிவிட்டால், மேற்கு வெயிலில் பாலிஷ் வெளுப்பதும் குறையும்.