பெரிய வியாழன் இரவு, புதுவை இருதய ஆண்டவர் கோவிலில்

"அக்கா, இன்னைக்கு ராத்திரி அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீ பாண்டிக்குப் போயிட்டு வா" என்று தங்கச்சி போனில் சொன்னபோது, முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. பகலெல்லாம் கண் செருகியபடி கிடப்பாள். ராத்திரி 12 மணிக்கு மேல் எழுந்து, என்றோ விற்றுவிட்ட கடலூர் முதுநகர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தடவுவாள். ஒருநாள் தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். அதிலிருந்து ஒரு துண்டின் ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் இன்னொரு முனையை என் மணிக்கட்டிலும் தளர்வாகக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். துண்டு இழுபட்டால் விழித்துக்கொள்வேன். சில ராத்திரி ஏழெட்டு தடவை இழுபடும்.

புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் திருப்பலிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தங்கச்சி லுத்தரன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆற்காடு லுத்தரன் சபை. அவர்கள் கோவிலில் அன்று மாலை ஆராதனை இருந்தும், அதை விட்டுவிட்டு வந்தாள். பைபிளும் ஒரு டிபன் டப்பாவுமாக அவள் வாசலில் வந்து நின்ற பிறகு எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினேன். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ரெட்டிச்சாவடியும் தெரியாது, கிருமாம்பாக்கமும் தெரியாது. முருங்கப்பாக்கத்தில் கண்டக்டர் சத்தம் கேட்டுத்தான் கண் திறந்தேன்.

ரயிலடிக்குப் பக்கத்தில், தெற்கு புல்வார் ஓரம் இருக்கிறது திரு இருதய ஆண்டவர் கோவில். 1902-ல் தொடங்கி 1907-ல் முடித்த கோவில் இது. 2011-ல் போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் கிடைத்தது. சின்ன வயதில் அப்பா மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளிக்கு அழைத்து வருவார். அந்தச் சிவப்பு வெள்ளை கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, வாசற்படியில் நான் தடுக்கி விழுந்தது உண்டு. உள்ளே பகல் வெயிலில் கண்ணாடிச் சன்னல்களில் இருக்கும் புனிதர்கள் நீலமும் சிவப்புமாகத் தரையில் விழுவார்கள். இந்த முறை நான் போனது சாயங்காலம். திருப்பலி தொடங்கும்போதே வெளியே இருட்டி, சன்னல்கள் எல்லாம் கறுப்பாகிவிட்டன. புனிதர் ஒருவரையும் காணோம். அது ஏனோ அன்று என்னை உறுத்தியது.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்யும் சடங்கில் 12 பேரில் ஒருவர் பெரியவர். நடுங்குகிற காலை நீட்ட வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தினார். அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. முந்தின வாரம் குளிக்க வைக்கும்போது, அவள் உதைத்தாள் என்று அந்தக் காலை நான் அழுத்திப் பிடித்து, "சும்மா இரு சனியனே" என்று கத்தியிருந்தேன். பெற்றவளைச் சொன்ன வார்த்தை. அவள் அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பாள். என்னால் மறக்க முடியவில்லை.

திருப்பலி முடிந்து நற்கருணையை, ஆண்டவரின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தை, பவனியாக எடுத்துப்போய், பூவும் விளக்குமாக இருந்த பீடத்தில் வைத்தார்கள். மணிகள் ஓய்ந்துவிட்டன, பீடத்துணிகளையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நள்ளிரவு வரைக்கும் ஆராதனை. ஒவ்வொரு அன்பியத்துக்கும், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கும், ஒரு மணி நேரம் என்று முறை.

கூட்டம் குறையட்டும் என்று நடுவில் வெளியே நடந்தேன். பெரிய வியாழன் இரவில் பல கோவில்களுக்கு நடந்துபோய் நற்கருணையைச் சந்திப்பது பழைய வழக்கம், அப்பாவும் செய்வார். துய்மா வீதியில் கப்ஸ் கோவில், கடலைப் பார்த்தபடி. கப்புச்சின் துறவிகளால் வந்த பெயர். 1855-ல் கட்டி முடித்தது. அங்கே பத்து பேர் இருந்தால் அதிகம். அலைச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. அப்புறம் மிஷன் வீதியில் சம்பா கோவில், ஜென்மராக்கினி மாதா பேராலயம். அங்கே நல்ல கூட்டம். ஐந்து நிமிஷம் முழங்கால் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுபடி இருதய ஆண்டவர் கோவிலுக்கு வந்தபோது மணி 10. ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். அன்றைக்கு என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: நள்ளிரவு வரைக்கும் தூங்காமல் ஆண்டவரோடு இருக்க வேண்டும். பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் அவர் விழித்திருக்கச் சொன்னபோது சீடர்கள் தூங்கினார்கள், நான் தூங்கக்கூடாது. தினமும் அம்மாவுக்காக விழிக்கிறவள் ஆண்டவருக்காக இரண்டு மணி நேரம் விழிக்க மாட்டேனா?

சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் தலை தொங்கிவிட்டது. கிள்ளிக்கொண்டேன், எழுந்து நின்றேன், முழங்கால் போட்டேன். முழங்காலிலேயே தூங்கிப் பக்கத்தில் இருந்த பாட்டியம்மாள் மேல் சாய்ந்துவிட்டேன். பதறி எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "எங்கிருந்தும்மா வர்றே?" என்றார். சொன்னேன். எதற்கோ அம்மாவைப் பற்றியும் சொன்னேன், துண்டைப் பற்றியும். அவர் கேட்டுவிட்டு, தன் பையைத் தலைமாட்டுக்குத் தள்ளி வைத்தார். "கொஞ்சம் சாஞ்சுக்கம்மா. எங்க அன்பியத்துக்கு பதினோரு மணிக்குத்தான் முறை, அதுக்கு முன்னாலயே வந்துட்டேன். நான் இருக்கேன்ல."

நான் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

எழுந்தபோது செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. 11.30 தாண்டியிருந்தது. பாட்டியம்மாள் அதே இடத்தில், நிமிர்ந்த முதுகோடு. முதலில் வந்தது அழுகைதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி கிடைத்து, அதையும் தூங்கித் தொலைத்துவிட்டேனே என்று. ஆனால் உடம்பு வேறு ஒன்று சொன்னது. நெஞ்சுக்குள் எப்போதும் இறுகிக் கிடக்கும் அந்த முடிச்சு இல்லை. தலை தெளிந்திருந்தது. பீடத்தைப் பார்த்தேன், பல மாதம் கழித்து, உண்மையாகவே பார்த்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் எனக்குப் பட்டதை அப்படியே எழுதுகிறேன். கெத்சமனியில் ஆண்டவர் கேட்டது ஒரு மணி நேரம். இதே திரு இருதய பக்தியைப் பரப்பிய புனித மார்கரீத் மரியாவிடம் 1674-ல் கேட்டதும் வியாழன் இரவு 11 முதல் 12 வரை, ஒரு மணி நேரம். மண்ணால் செய்த உடம்பை அவருக்குத் தெரியாதா? மணமகனை விளக்கோடு எதிர்கொள்ளக் காத்திருந்த பத்துக் கன்னியர் உவமையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். அறிவுள்ள ஐந்து பேரும் விழித்திருந்தார்கள் என்றே என் மனதில் பதிந்திருந்தது. மத்தேயு 25-ஐ மறுபடி பாருங்கள்: மணமகன் வரத் தாமதித்தபோது பத்து பேரும் தூங்கிவிட்டார்கள். அந்த ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது, அதனால் எழுந்ததும் விளக்கு எரிந்தது.

என்னிடம் எண்ணெய் தீர்ந்து வெகுநாளாகிவிட்டது. இரண்டரை வருஷம் கண் விழித்திருக்கிறேன், வாஸ்தவம். ஆனால் என் நாவுக்குக் காவல் வையும் என்று சங்கீதத்தில் கேட்கிறோமே, அந்தக் காவல் என்னிடம் எப்போதோ தூங்கிப்போனது. கதவைக் காத்தேன், தெருவைக் காத்தேன். அம்மாவை என்னிடமிருந்து காக்கவில்லை. தூக்கமில்லாத உடம்பில் கோபம் எந்த வழியாக நுழைந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி மாதா மாதம் கேட்பாள், "ரெண்டு ராத்திரி நான் வந்து படுத்துக்கறேன் அக்கா" என்று. என் அம்மாவை என்னைவிட நன்றாக யார் பார்ப்பார்கள் என்று மறுத்துவிடுவேன். அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். 121-ஆம் சங்கீதம் எனக்கு மனப்பாடம்: இஸ்ரயேலைக் காக்கிறவர் கண்ணயர்வதுமில்லை, உறங்குவதுமில்லை. வாயால் சொல்லிக்கொண்டே, அவர் வேலையையும் சேர்த்து நானே செய்துகொண்டிருந்தேன்.

12 மணிக்கு ஆராதனை முடிந்தது. பாட்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க அம்மா பேரு கேக்க மறந்துட்டேன், உன் அம்மான்னே சொல்லி வேண்டிக்கிட்டேன்" என்றார்.

ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு. சென்னையிலிருந்து வந்த சிதம்பரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. போனை எடுத்தால் தங்கச்சி 10 மணிக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவர்கள் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வரி: "இனி நித்திரைபண்ணி இளைப்பாறுங்கள்." தூங்கிய சீடர்களிடம் ஆண்டவர் சொன்னது, மத்தேயு 26:45. எங்கள் பைபிளில் அதே இடம் கேள்வியாக இருக்கும், இன்னும் உறங்கி ஓய்வெடுக்கிறீர்களா என்று. மூலத்தில் இரண்டு விதமாகவும் படிக்க இடமுண்டு என்று ஒரு தியானத்தில் கேட்டிருக்கிறேன். கேள்வியாகவே கேட்டுக் கேட்டுக் கூசிப்போனவளுக்கு, அந்த ராத்திரி அது கட்டளையாக வந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. சத்தமில்லாமல் பூட்டைத் திறந்தேன். இரவு விளக்கு வெளிச்சத்தில் தங்கச்சி வாய் திறந்து நல்ல தூக்கத்தில் இருந்தாள். துண்டின் ஒரு முனை அவள் கையில். மறுமுனை அம்மாவின் கையில்.

அம்மா விழித்திருந்தாள். கதவைத் தேடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஒருக்களித்துப் படுத்து, தங்கச்சியின் தோளை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள், கைக்குழந்தையைத் தட்டுவதுபோல. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத. புள்ள தூங்குது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், அம்மாவின் கால்மாட்டில் படுத்துக்கொண்டேன்.