துலூஸ்ல காரை எடுத்தா நாலு கோட்டை

பிரான்ஸ்ல கோட்டை பாக்கப் போறோம்னு சொன்னா எல்லாரும் லுவார் ஆத்துப் பக்கம்தான் கை காட்டுறாங்க, ஷம்போர் போங்க, ஷெனோன்சோ போங்கன்னு. அழகான இடங்கதான். ஆனா ஷம்போரை எடுத்துக்கிட்டீங்கன்னா 1519ல ராஜா வேட்டைக்கு வந்து தங்கறதுக்காக ஆரம்பிச்ச மாளிகை அது, சுவர் பூரா பெரிய பெரிய ஜன்னல். ஜன்னலே இல்லாத சுவர், அம்பு விட ஒரு பிளவு, மேல இருந்து கல்லைப் போட ஒரு ஓட்டை, இந்த மாதிரி நிஜமாவே உயிருக்குப் பயந்து கட்டின கோட்டைதான் வேணும்னா தென்மேற்கு பிரான்சுக்கு வாங்க. நானும் தம்பியும் துலூஸ்ல வாடகைக்கு கார் எடுத்து நஜாக், பெய்னாக், காஸ்டெல்நோ, பொனகில்னு ஒரு சுத்து சுத்திட்டு திரும்ப துலூஸ் வந்தோம், இந்த ரூட்டை யாருக்கு வேணா தைரியமா சொல்லுவேன்.

முதல்ல நஜாக். துலூஸ்ல இருந்து வடகிழக்கா ஒன்றரை ரெண்டு மணி நேரம். கடைசி கொஞ்ச தூரம் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், திடீர்னு எதிர்ல ஒரு ஒல்லியான மலை முகடு, அது மேல நீளமா ஒரே தெரு, ரெண்டு பக்கமும் வீடு, தெரு முடியற இடத்துல உச்சியில கோட்டை, கீழ அவெய்ரோன் ஆறு மலையை மூணு பக்கமும் சுத்திக்கிட்டு ஓடுது. காரை ஊர் முனையில விட்டுட்டு அந்தத் தெரு வழியா நடந்தே போங்க, அதுதான் சரியான வழி.

இந்தக் கோட்டையை 1253ல கட்ட ஆரம்பிச்சவர் அல்போன்ஸ், பிரெஞ்சு ராஜா ஒன்பதாம் லூயியோட தம்பி. துலூஸ் பிரபு ஏழாம் ரேமோனோட ஒரே மகளைக் கல்யாணம் பண்ணவர், மாமனார் 1249ல இறந்ததும் இந்தப் பக்கம் பூரா இவர் கைக்கு வந்துடுச்சு. ஆனா ஊர் ஜனங்களுக்கு வடக்கே இருந்து வந்த இந்த மருமகனைப் பிடிக்கல. காதார்னு சர்ச்சுக்கு எதிரா நின்ன ஒரு கிறிஸ்தவப் பிரிவு மேலயும் அவங்களுக்கு ஈடுபாடு இருந்துச்சு. அதனால இங்க கோட்டை காவல் காக்க வேண்டியிருந்தது வெளி எதிரியை மட்டும் இல்ல, காலடியில இருக்கற சொந்த ஊரையும்தான். கோட்டையில இருந்து பாத்தா தெரு முழுக்க தெரியுது, யார் வர்றாங்க யார் போறாங்கன்னு ஒருத்தர் நின்னாலே போதும். கீழ இருக்கற சர்ச்சும் அப்படித்தான், காதார் பக்கம் சாஞ்சதுக்குத் தண்டனையா ஊர்க்காரங்களே சொந்த செலவுல கட்டணும்னு இன்குவிசிஷன், அதாவது சர்ச்சுக்கு எதிரா போறவங்களை விசாரிக்கற சர்ச் நீதிமன்றம், தீர்ப்பு சொல்லி கட்ட வச்சது. அந்த சர்ச்சுக்குள்ள நிக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போச்சு, கோட்டையை விட அது அதிகமா பாதிச்சுது.

கோட்டையோட பெரிய வட்டக் கோபுரத்துல அம்பு விடற பிளவு ஒண்ணொண்ணும் 6.80 மீட்டர் உயரம். ரெண்டு மாடி வீட்டு உயரம்னு வச்சுக்கோங்க. ஒரே பிளவுல ஒருத்தருக்கு மேல ஒருத்தரா மூணு பேர் வேற வேற உயரத்துல நின்னு அம்பு விடலாம். வெளிய இருந்து பாத்தா ஒரு கீறல்தான் தெரியும், உள்ள போனா ஆள் நிக்கற அளவு அகலமா விரியுது, வெளிய இருக்கறவன் குறி வைக்க இடமே கிடையாது. மேல ஏறுங்க, கண்டிப்பா ஏறுங்க. கோட்டைக்குள்ள 1100 வாக்குல கட்டின பழைய சதுரக் கோபுரம் ஒண்ணும் இருக்கு, அதையும் இந்த வட்டக் கோபுரத்தையும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். சதுரத்துக்கு மூலை உண்டு, மூலையைத் தோண்டினா சரியும், அதோட மூலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கவும் இடம் கிடைக்கும். வட்டத்துல அந்த ரெண்டு தொல்லையும் இல்ல.

நஜாக்ல இருந்து வடமேற்கா சார்லா போய் அங்கயே தங்கினோம். சார்லா பழைய ஊர், தேன் நிறக் கல்லு வீடுங்க, புதன் சனி சந்தை. சாப்பாடு பத்தி ஒண்ணு மட்டும், சைவம் சாப்பிடறவங்க கவனிக்கணும், சார்லாதேஸ்னு பூண்டு போட்டு உருளைக்கிழங்கு வறுவல் எல்லா ஹோட்டல்லயும் இருக்கும், அதை வறுக்கறது வாத்துக் கொழுப்புல. வால்நட் கேக் தைரியமா சாப்பிடலாம், இந்தப் பக்கம் வால்நட் மரம் பாக்காத இடமே இல்ல.

அடுத்து பெய்னாக். டோர்டோன் ஆத்து ஓரமா ஒரு பெரிய செங்குத்துப் பாறை, அது உச்சியில கோட்டை, ஆத்துல இருந்து 150 மீட்டர். கீழ ஊருல இருந்து கல்லு பாவின சந்து வழியா ஏறணும், மூச்சு வாங்கும், ஆனா ஏறும்போதுதான் புரியுது இதை நேரா தாக்கறது எவ்வளவு கஷ்டம்னு. ஆத்துப் பக்கம் பாறையே காவல், அதனால சுவரும் அகழியும் எல்லாம் சமதரை இருக்கற பின்பக்கம்தான். நடுவுல 12ஆம் நூற்றாண்டு சதுரக் கோபுரம். இங்கிலாந்து ராஜா சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் இதைப் பிடிச்சு தன்னோட தளபதி மெர்காதியே கிட்ட கொடுத்தார், அப்புறம் 1214ல காதார்களுக்கு எதிரா படை நடத்தின சிமோன் த மோன்ஃபோர் வந்து இடிச்சார், அதுக்கப்புறமும் கட்டினாங்க. உள்ள பெரிகோர், அதாவது இந்தப் பகுதியோட பழைய பேரு, அந்தப் பிரபுக்கள் கூடற ஒரு ஹால் இருக்கு, அதை ஒட்டி ஒரு குட்டி ஜெப அறை, சுவர் பூரா 15ஆம் நூற்றாண்டு ஓவியங்க, இயேசுவோட கடைசி இரவு விருந்து உட்பட. இவ்வளவு முரட்டுக் கல்லு நடுவுல அந்த சின்ன அறைக்கு யாரோ உக்காந்து வண்ணம் தீட்டியிருக்காங்களேன்னு நான் அங்க ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

மேல் தளத்துல போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. இன்னொரு கோட்டை தெரியும், அதுதான் காஸ்டெல்நோ. நூறாண்டுப் போர்ல, அதாவது 1337ல இருந்து 1453 வரைக்கும் நடந்த போர்ல, ரொம்ப காலம் பெய்னாக் பிரெஞ்சு பக்கம், காஸ்டெல்நோ இங்கிலீஷ் பக்கம். இங்கிலீஷ்காரன் இங்க எங்க வந்தான்னு கேட்டா, 1152ல இந்தத் தென்மேற்குப் பகுதியான அக்கித்தேனோட சீமாட்டி எலியனோர் கல்யாணம் பண்ண ஹென்றி ரெண்டே வருஷத்துல இங்கிலாந்து ராஜா ஆயிட்டார், அவங்க நிலமும் இங்கிலாந்து ராஜா கைக்குப் போச்சு, அந்தச் சொத்துத் தகராறுதான் பரம்பரை பரம்பரையா ஓடினது. அவன் அடுப்புப் புகை இவனுக்குத் தெரியும், இவன் கொடி அவனுக்குத் தெரியும், அப்படி எதிரும் புதிருமா தலைமுறை தலைமுறையா வாழ்ந்திருக்காங்க. 1442ல பிரெஞ்சுப் படை காஸ்டெல்நோவை முற்றுகை போட்டு வாங்கிடுச்சு.

இப்போ காஸ்டெல்நோ மத்தியகாலப் போர் மியூசியம். குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க நேரம் கம்மின்னா இது ஒண்ணு போதும். மொட்டை மாடியில கல் எறியற எந்திரங்களை நிஜ சைஸ்ல செஞ்சு நிறுத்தியிருக்காங்க. பெரிய ட்ரெபுஷே எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு முனையில டன் கணக்குல எடை ஏத்தின பெட்டி, இன்னொரு முனையில நீளமான கை, கையோட நுனியில கவண். பெட்டி சட்டுனு கீழ விழும், கை மேல எகிறும், கவண் சுழண்டு கல்லை விட்டுடும். நூறு கிலோ கல்லு 200 மீட்டர் போய் விழும். மணிக்கு ஒண்ணு ரெண்டு கல்லுதான் விட முடியும், ஆனா ஒரே இடத்துல விழுந்துக்கிட்டே இருந்தா எந்தச் சுவர்தான் தாங்கும். அப்புறம் பீரங்கி வந்துச்சு. போரோட கடைசி பெரிய சண்டை காஸ்டியோன்ல, 1453 ஜூலை 17, இதே டோர்டோன் கரையில கீழ மேற்கால, அதை ஜெயிச்சுக் கொடுத்ததே பிரெஞ்சு பீரங்கிங்கதான்.

அந்த பீரங்கிக்கு பதில் என்னன்னு பாக்கணும்னா பொனகில் போகணும். சார்லாவுல இருந்து தெற்கால ஒரு மணி நேரத்துக்கு மேல, ஃபுமெல் பக்கத்துல, காட்டுக்கு நடுவுல. நாலுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பெரான்ஜே த ரொக்ஃபெய்னு ஒரு பிரபு 1480 வாக்குல ஆரம்பிச்சு சுமார் நாப்பது வருஷம் கட்டியிருக்கார். மத்தவங்க கோட்டையை விட்டு மாளிகை கட்டப் போயிட்ட காலம் அது, இவர் மட்டும் கோட்டைக்கு மேல கோட்டை. முன்னாடி ஒரு காவல் அரண், அப்புறம் அகழி, தூக்குப் பாலம், உள்ள இன்னொரு சுத்து. பீரங்கிக்கான ஓட்டைங்க எல்லாம் சுவரோட அடியில தரையை ஒட்டி இருக்கு, குண்டு தரையைத் தடவிக்கிட்டு போகும், அகழியில இறங்கினவன் தப்பிக்க வழியே இல்ல. நடுக் கோபுரம் வட்டமும் இல்ல சதுரமும் இல்ல, கப்பலோட முகப்பு மாதிரி கூர்மையா இருக்கு, நேரா வர்ற குண்டு பக்கவாட்டுல வழுக்கிப் போகட்டும்னு. அகழிக்குள்ளயே இறங்கி நடக்க விடறாங்க, அங்க நின்னு அண்ணாந்து பாருங்க.

இவ்வளவு ஏற்பாடு பண்ணினவரோட கோட்டையை அவர் காலத்துல யாருமே தாக்க வரல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துலதான் கூரையை எல்லாம் பிரிச்சுப் போட்டாங்க, 1860ல ஃபுமெல் ஊராட்சியே வாங்கி வச்சுக்கிச்சு, அதனாலதான் இன்னைக்கு நாம உள்ள போய் பாக்க முடியுது. கூரை இல்லாததால மாடி மாடியா அடுப்பு மட்டும் சுவர்ல தொங்கிட்டு இருக்கு, தரைப்பலகை போயிடுச்சு, அடுப்பு அப்படியே நிக்குது.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். குளிர்காலத்துல நஜாக் கோட்டை மூடியிருக்கும், காஸ்டெல்நோ வருஷம் பூரா திறந்திருக்கும், அதனால ஏப்ரல் மே இல்லன்னா செப்டம்பர்ல போங்க, ஜூலை ஆகஸ்ட்ல பெய்னாக்ல பார்க்கிங் கிடைக்கறதே பெரும் பாடு. படி எல்லாம் தேய்ஞ்ச கல்லு, வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க. ஒரே நாள்ல நாலையும் ஓட்டமா பாத்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பொனகிலுக்கே அரை நாள் கொடுக்கணும்.