கிட்ஹப்பில் கிடக்கும் நிரல் பேட்டன்ட்டுக்கு எதிராக நிற்குமா?

மென்பொருள் பேட்டன்ட்டுகளுக்கு (காப்புரிமைகளுக்கு) 'பிரையர் ஆர்ட்' தேடிக் கொடுப்பது என் வேலை. அதாவது, இந்த யோசனை ஏற்கெனவே வெளியில் இருந்ததா என்று பார்ப்பது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் புரோகிராமர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "யாரோ இணையத்தில் போட்டு வைத்த மூலநிரல் செல்லுமா?"

செல்லும். சிங்கப்பூர் காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக, முதல் விண்ணப்பம் போட்ட நாளுக்கு) முன் உலகில் எங்கேயாவது, எழுத்திலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ வேறெந்த வழியிலோ பொதுமக்களுக்குக் கிடைத்துவிட்ட எதுவும் புதியது ஆகாது. நிரலுக்கு அதில் விலக்கு கிடையாது. எத்தனை பேர் படித்தார்கள் என்பதும் பொருட்டல்ல. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் இருந்த ஒரே ஓர் ஆய்வேடு போதும் என்று 1986இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சரி, அப்புறம் என்ன சிக்கல்? தேதிதான்.

கிட்ஹப்பில் இருக்கும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி 'கிட்'. அதில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது பதிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, எழுதியவர் எழுதிய தேதி. மற்றொன்று, அந்தக் கமிட் உருவான தேதி. வெறுமனே 'கிட் லாக்' கட்டளை போட்டால் முதல் தேதி மட்டும்தான் தெரியும். இரண்டையும் கணினிக் கடிகாரம்தான் தருகிறது. வேண்டுமென்றால் யாரும் மாற்றி வைக்கலாம். மேலும், கமிட் செய்தவுடன் ஊருக்குத் தெரிந்துவிடாது. புஷ் செய்யும் வரை, அதாவது பொதுத் தளத்துக்கு ஏற்றும் வரை, நிரல் அவரவர் மடிக்கணினியில்தான் கிடக்கும்.

ஒருமுறை, கேஷ் நினைவகம் (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது) தொடர்பான ஒரு பேட்டன்ட் வந்தது. அதே உத்தி ஒரு திறமூல நூலகத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பில்) இருந்தது, கமிட் தேதியும் முன்னுரிமைத் தேதிக்கு வெகு முன்னால். எங்கள் மூத்த வழக்கறிஞர், தமிழர், பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எழுதின தேதி. வெளியில வந்த தேதி எங்கே?" லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் தன் பழைய தொகுப்புகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கும் காப்பகத்தில் தேடினேன். அதே கோப்பு, எழுத்துக்கு எழுத்து, அங்கே இருந்தது. நிரலை எழுதியவர் கை வைக்க முடியாத இடத்தில் பதிவான தேதி அது. அதில் நிரலுக்கு நடுவே எழுதிய ஒரு மூன்று வரிக் கமெண்ட் (குறிப்பு): பழைய பதிவை உடனே அழிக்காமல் ஏன் குறி மட்டும் போட்டு வைக்கிறோம் என்ற விளக்கம். வழக்கறிஞர் முதலில் அடிக்கோடிட்டது அதைத்தான். நிரலை மட்டும் நீட்டியிருந்தால், அது என்ன செய்கிறது என்று விளக்க ஒரு நிபுணரின் சாட்சியத்தை முழுக்க நம்பியிருக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. காப்புரிமைப் பரிசோதகர்கள் பெரும்பாலும் பழைய பேட்டன்ட் ஆவணங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும், அவற்றின் வகைப்பாட்டையும் சொற்களையும் வைத்துத் தேடுகிறார்கள். சுருக்கமான ஃபங்ஷன் பெயர்களோடு கிடக்கும் நிரல் அந்த வலையில் சிக்குவதில்லை. இலவசமாக உலகுக்குக் கொடுத்தவரின் உத்தியை வேறொருவர் 20 ஆண்டுக்குத் தன் உரிமை என்று வாங்கிக்கொண்டு போக, இந்த இடைவெளி போதும்.

அதனால், கேட்கும் புரோகிராமர்களிடம் நான் சொல்வது இது. ஒவ்வொரு வெளியீட்டோடும் அது என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று நாலு வரி சாதாரண மொழியில் எழுதுங்கள். பிரான்சின் கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியா 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகத்தில் உங்கள் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள். எந்த நாளில் எடுத்துவைத்தார்கள் என்ற பதிவும் அங்கேயே இருக்கும்.