நடந்து வந்தவருக்குச் சான்றிதழ் வாங்கிய கதை

மாமாவின் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. குறைபாடு 57 சதவீதம் என்று போட்டிருந்தது. தலையில் அடிபட்டுப் பிழைத்து, எழுந்து நடமாடவும் ஆரம்பித்துவிட்டவருக்கு இந்த அட்டை வாங்குவது, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வாங்குவதைவிடச் சிரமம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் யாராவது இதே அலைச்சலில் இருந்தால் ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விபத்துக் கதை சுருக்கமாக. மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஏசி மெக்கானிக். வேலை முடித்து வண்டியில் வரும்போது ரெட்டேரி பக்கத்தில் லோடு வண்டி இடித்துவிட்டது. ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்கப்புறம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. மூளை வீங்கியதால் மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருந்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். அதுவரை எந்தக் குறையும் இல்லை. உயிரைக் காப்பாற்றுவதில் நம்மூர் டாக்டர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வினையே டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில்தான் இருந்தது. ‘கான்ஷியஸ், ஓரியன்டட், ஆம்புலன்ட்.’ நினைவோடு இருக்கிறார், இடம் பொருள் தெரிகிறது, நடக்கிறார். வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எந்தக் கவுன்டருக்குப் போனாலும் அந்த வரியில் விரலை வைத்து, “நல்லா இருக்காருன்னு போட்டிருக்கே சார்” என்றார்கள். ஆகவே முதல் எச்சரிக்கை: வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஞாபக மறதி, கோபம், வலிப்பு, இடது கைப் பலவீனம் என்று என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் சம்மரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் இருக்கும்போது கேட்டால் எழுதிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த டாக்டரே மாற்றலாகியிருப்பார்.

வீட்டில் மாமா எப்படி இருந்தார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நடப்பார், சிரிப்பார், வந்தவர்களை ‘வாங்க, காபி சாப்பிடுங்க’ என்பார். கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், ‘பழையபடி ஆயிட்டாரே’ என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் குளிக்கப் போய் தண்ணீரே ஊற்றாமல் வெளியே வந்து ‘குளிச்சாச்சு’ என்பது அவர்களுக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்தால் தட்டு பறக்கும். தலையில் அடிபட்டவர்களுக்கு வாசனை தெரியாமல் போவது சகஜமாம். மாமாவுக்கும் போய்விட்டது. டீ போடுகிறேன் என்று கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, அதே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். நாற்றம் தெருவுக்கே வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் எதிர் வீட்டு ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று தானாகவே கிளம்பிப் போனார். மூடியைக் கழற்றினார், ஃபில்டரை எடுத்தார், ஸ்க்ரூக்களை எல்லாம் வரிசையாகத் தரையில் அடுக்கினார். கை பழக்கம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் போனபோது ஸ்க்ரூக்களை எடுத்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். “மாப்ள, ஒண்ணு குறையுதுடா.” ஒன்றும் குறையவில்லை.

அக்கா வேலைக்குப் போயாக வேண்டும். எனவே ஆள் வைத்தோம். ஏஜென்சி பெயர் வேண்டாம். ஒரு மாத முன்பணம், அக்கா சம்பளத்தில் பாதிக்கு மேல். வந்த பையனுக்குப் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் போட, டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கத் தெரியும். எழுந்து நடக்கிற நோயாளியை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா கிளம்பி ரெட்டேரி சிக்னல் வரை போய்விட்டார். ஆட்டோ ஸ்டாண்ட்காரர் ஒருவர் அடையாளம் தெரிந்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஏஜென்சிக்கு போன் போட்டால், “நடக்குற பேஷன்ட்டுன்னு நீங்க முன்னாடியே சொல்லலையே மேடம்” என்கிறார்கள். முன்பணம் இன்னும் வரவில்லை. ஆள் வைப்பவர்கள் ‘மறதி, வெளியே போய்விடுவார், கோபப்படுவார்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர்கள் ‘சரி’ போட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

அதற்கப்புறம் தெருவே பார்த்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா ஒரு சாயங்காலம் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். மறைக்கவில்லை. இஸ்திரி வண்டிக்காரர், மாமா தெருமுனை தாண்டினால் போன் செய்வார். டீக்கடை மாஸ்டர் ஒரு டீக்குமேல் கொடுக்க மாட்டார், காசையும் சாயங்காலம் அக்காவிடம்தான் வாங்குவார். ஏனென்றால் மாமா ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுவார். மளிகைக் கடையில் கடன் கிடையாது என்று பேச்சு. இதற்கு ஒரு மனுவும் போட வேண்டியிருக்கவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரி நகலோடு போய்ப் பதிந்தோம், வந்தார். இறுகிக்கொண்டிருந்த இடது கையைத் தினம் எப்படி விரித்துவிடுவது என்று அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பார்த்த அம்மா ஒரு நல்ல வேலை செய்தார். “குளிக்கச் சொல்லாதீங்க. பாத்ரூம் சுவத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதி ஒட்டுங்க” என்றார். தண்ணீர், சோப்பு, தண்ணீர், துண்டு. இப்போது மாமா ஒழுங்காகக் குளிக்கிறார்.

இனி சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலைக்காயம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அது எதைப் பாதித்திருக்கிறதோ அந்தத் தலைப்பில்தான் போக வேண்டும்: கை கால் என்றால் இயக்கக் குறைபாடு, பேச்சு போயிருந்தால் பேச்சு-மொழிக் குறைபாடு, நினைவும் நடத்தையும் என்றால் மனநலம். இது எங்களுக்குத் தெரியாது. கவுன்டரில் இருந்தவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இயக்கக் குறைபாட்டில் டிக் அடித்தார். அதற்கும் முன்னால், விண்ணப்பிக்கும்போதே ஓடிபி கூத்து. ஆதாரில் இருந்த எண் விபத்தில் நொறுங்கிய போனுடையது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த எண்ணே வேறு யாருக்கோ போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யாராவது இருந்தால் அவருடைய சிம்முக்கு மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு வையுங்கள்.

சதவீதம் போடும் மருத்துவ போர்டில் அன்று இருந்தவர் எலும்பு டாக்டர் மட்டும். மாமாவின் கையை மடக்கி நீட்டி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து 30 சதவீதம் எழுதினார். அவர் பார்த்த வரைக்கும் சரிதான். ஆனால் 40 இல்லையென்றால் அந்தச் சான்றிதழால் பெரிய பலன் இல்லை. ஞாபகமறதியைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் எங்கிட்ட வராது.” யாரிடம் வரும்? “வெளியில கேளுங்க.” வெளியில் கேட்டால், “அதான் குடுத்தாச்சே சார், ஒரு ஆளுக்கு எத்தனை சர்ட்டிபிகேட்?”

ரிட்டயர் ஆன எங்கள் பக்கத்து வீட்டு சார்தான் வழி சொன்னார். சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கிறது, அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போ என்றார். போனேன். மேல்முறையீடு என்ற வார்த்தையைப் படித்ததும் அதே கவுன்டர்காரர் நாற்காலி போட்டார். “எதுக்கு சார் அவ்ளோ தூரம்? சைக்யாட்ரி போர்டுக்கு எழுதித் தர்றேன், ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கலாம்.” இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

அடுத்த முட்டுக்கட்டை வீட்டிலேயே. மனநலப் பிரிவு என்றதும் அத்தை (மாமாவின் அம்மா) அழ ஆரம்பித்துவிட்டார். “எம்புள்ளைய பைத்தியம்னு எழுதப் போறீங்களாடா? நாளைக்கு வயசுப் பொண்ணுக்கு வரன் பாக்க வேணாமா?” அவர் கவலையையும் தப்பு சொல்ல முடியாது. நான் சட்டத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். மனநோய் என்பதற்கான விளக்கத்திலேயே நினைவாற்றலும், இடம் காலம் அறிவதும் வருகின்றன. அத்தைக்கு அதெல்லாம் ஏறவில்லை. அக்காதான் முடித்துவைத்தாள்: “என்ன வேணா எழுதட்டும் அத்தை. கேஸைத் திறந்துட்டு நிக்கிறவருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதினா, நாளைக்கு எனக்கு யாரு வந்து நிப்பா?”

இந்தப் போர்டில் ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். நான்கு விஷயம் பார்ப்பார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. முன்கூட்டியே தெரிந்ததால் அக்கா ஒரு நோட்டில் அந்த நான்கு தலைப்புகளையும் போட்டு, தேதி வாரியாக நடந்ததை எழுதி வந்தாள். ‘இன்று அசதியாக இருந்தார்’ என்ற மாதிரி எழுதிப் பிரயோஜனமில்லை. ‘மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்னார், மாத்திரை சட்டைப் பையில் இருந்தது’ என்று எழுத வேண்டும். வலிப்பு மாத்திரை அது, ஒருநாள் விட்டாலும் ஆபத்து.

டாக்டர் முதலில், “இன்னிக்கு என்ன தேதி?” என்றார். மாமா நிமிர்ந்து பார்த்து, தேதி, கிழமை எல்லாம் சரியாகச் சொல்லி, “அஷ்டமி சார்” என்று வேறு சேர்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அஷ்டமியைக் கேட்டதும் டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவரில் நாள்காட்டி. சிரித்துவிட்டு, “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார். “இட்லி, கெட்டிச் சட்னி. வீட்லதான்.” அரை மணி நேரத்துக்கு முன்னால் கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவர். பொய் இல்லை, நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்புறம் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படித்தார். வேறு எந்த மேசையிலும் அந்த நோட்டை யாரும் திறக்கவில்லை.

மனநலத்துக்கு 40 போட்டார். முப்பதும் நாற்பதும் சேர்ந்தால் எழுபது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். அப்படிக் கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-இல் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். ஆக 57. மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு உடல் பாதிப்பு என்றால் 75 கேட்கிறார்கள், அது எங்களுக்கு எட்டவில்லை. சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் அவருக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. தெரபிக்கு வாரா வாரம் போகும் எங்களுக்கு அதுவே பெரிய விஷயம். சான்றிதழ் தற்காலிகம் என்றால் எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வரச் சொன்னார்கள். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உடல்நலமில்லாதவர் கையெழுத்துப் போட முடியாவிட்டால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்தால், ரேகை வைத்தே பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைச் சொன்னதும் மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, ரேகைகூட வேண்டாம் என்று புது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இருப்பது விபத்து இழப்பீட்டு வழக்கு. சதவீதம் எவ்வளவு என்பதைவிட, அந்த ஆளால் அவருடைய தொழிலைச் செய்ய முடியுமா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருப்பதாக வக்கீல் சொன்னார். எதிர் வீட்டு ஏசி கதையை நோட்டில் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதியிருக்கிறது. வக்கீலிடம் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள். சர்ட்டிபிகேட் புதுப்பிக்கும்போது மறுபடியும் அதைத்தான் கேட்பார்கள்.