செவ்வாய்க்கிழமைக் கல்யாணம்

“செவ்வாயோ வெறுவாயோன்னு சொல்லுவாங்க. அன்னைக்குப் போய் யாராவது கல்யாணம் வைப்பாங்களாடா?” என்று மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள். புரூக்ளினில் என்னோடு வேலை பார்க்கும் யூத நண்பனுக்குத்தான் கல்யாணம். ஆச்சாரமான குடும்பம். அவனிடமே கேட்டுவிட்டேன். அவர்கள் வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் படைப்பின் மூன்றாம் நாளுக்கு ‘நல்லது’ என்று இரண்டு முறை வருகிறதாம். ஞாயிற்றிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாள் செவ்வாய். அதனால் ரொம்ப விசேஷமான நாள். அம்மாவிடம் சொன்னேன். “அவங்க சாமியே சொல்லிருச்சுன்னா சரி” என்று விட்டுவிட்டாள்.

அடுத்தது மொய். அங்கே 18-இன் மடங்காக வைப்பார்கள். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உயிர் என்று பொருள்படும் ‘ஹை’ என்ற சொல்லில் இருப்பவை 8-ம் 10-ம். 180 டாலருக்குக் காசோலை எழுதினேன். வீட்டம்மா பெட்டியைக் குடைந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவரை எடுத்து நீட்டினாள்.

மண்டபத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி. அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். வாசலில் ஒரு கூடை நிறையக் கிப்பா, அதாவது அந்த வட்டக் குல்லா. பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் கிளிப். கிளிப் மாட்ட முடி வேண்டுமே! கழுத்தை ஆட்டாமல் நடந்தேன்.

உள்ளே மேசை மேசையாகச் சாப்பாடு. நமக்கு முதல் பந்தியை விட்டுப் பழக்கமில்லை. மூன்றாவது தட்டில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்து, “இது சும்மா கொறிக்க. விருந்து தாலி, அதாவது மோதிரம், போட்ட பிறகுதான்” என்கிற மாதிரி சொன்னார். மாப்பிள்ளையும் பெண்ணும் அன்று விரதம் என்பதையும் அவர்தான் சொன்னார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன்.

ஹுப்பா என்பது நான்கு கம்பு, மேலே ஒரு துணி. திறந்த வானத்தின் கீழே போட்டிருந்தார்கள். பெண் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றி வர வேண்டும். நம் ஊரில் ஏழு அடி, இங்கே ஏழு சுற்று. நாலாவது சுற்றில் கவுனின் வால் கம்பில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த மாமியார் குனிந்து எடுத்துவிட்டார், நிற்காமலே. அப்புறம் கல்யாண ஒப்பந்தத்தை அரமேயம் என்ற பழைய மொழியில் நீளமாக வாசித்தார்கள். என் வரிசையில் பலர் நம் ஊரில் மந்திரத்துக்கு ஆட்டுகிற அதே தலையை ஆட்டினார்கள்.

கடைசியில் மாப்பிள்ளை, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்து நொறுக்கினான். எருசலேம் ஆலயம் இடிந்ததை மகிழ்ச்சியிலும் மறக்காமல் இருப்பதற்காம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். முகூர்த்தத்தில் கண்ணாடி உடைந்தால் நம் வாயில் என்ன வரும்? எல்லோரும் “மஸல் தோவ்!”, அதாவது வாழ்த்துகள், என்று கத்த, நான் மட்டும் “ஐயையோ!” நல்லவேளை, சத்தத்தில் கலந்துவிட்டது.

இனி மேடை ஏறிக் கவர் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டியதுதானே? பெண்ணும் மாப்பிள்ளையும் ஓர் அறைக்குள் போனார்கள். கவரோடு பின்னாலேயே போனேன். கதவருகே இரண்டு பேர் மறித்தார்கள். “ரெண்டே நிமிஷம், கொடுத்துட்டு வந்துடறேன்” என்றேன். அவர்கள் சாட்சிகளாம். புதுத் தம்பதி சற்று நேரம் தனியாக இருந்து விரதம் முடிப்பதுவரை யாரும் நுழையாமல் காவல் நிற்பதே அவர்கள் வேலை. காது சூடாகித் திரும்பினேன்.

ஆட்டத்தில்தான் அந்தக் கூச்சம் போனது. மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒரு கால் என் தோளில். என் கிப்பா எங்கே பறந்ததோ! இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் ஆச்சாரம். விருந்தில் இறைச்சி இருந்ததால் பால் கிடையாது. கட்டங்காப்பியோடு வீடு திரும்பினோம்.

கல்யாணம் முடிந்து ஏழு நாளும் அவர்களுக்கு விருந்து. அதெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவன் முதலில் கேட்டது அந்த நாணயத்தைப் பற்றித்தான். மொய் மேலும் மேலும் வளரட்டும் என்று ஒன்று கூட்டி வைப்பது எங்கள் வழக்கம் என்றேன்.

“அப்போ 181 ஆயிடுச்சே, 18-ஆல் வகுபடாதே?”

“அது ரூபாய்டா, டாலர் கணக்குல சேராது.”